பாலத்தூணில் அளவுகோல் வரைந்தால் போதுமா? வைகையின் மட்டமும் ஓட்டமும்

திருப்புவனத்துக்குப் பக்கத்தில், வைகையின் கரையிலேயே அமைந்த ஓர் ஊரைச் சேர்ந்த இளைஞர்கள் சிலர் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். வைகை அணையின் மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, திறப்பு இத்தனை கன அடி என்று நாள்தோறும் செய்தி வருகிறதே, அந்த எண்கள் எப்படிக் கிடைக்கின்றன? அணையில் 3,000 கன அடி திறந்தால் எங்கள் ஊருக்கு எவ்வளவு வரும், எப்போது வரும்? எங்கள் ஊர்ப் பாலத்தின் தூணில் அளவுகோல் வரைந்து, மேலே ஒரு சென்சாரையும் பொருத்திவிட்டால் ஆற்றை நாங்களே கண்காணிக்க முடியுமா? கேள்விகள் மூன்றாக இருந்தாலும் அவற்றின் வேர் ஒன்றுதான் என்பதால், மூன்றுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ஆறுகளிலும் கால்வாய்களிலும் நீரை அளப்பதிலேயே கழிந்தது. ஆற்றங்கரையில் நின்று கண்ணால் பார்த்துக் குறிக்கக்கூடியது நீர்மட்டம் மட்டுமே. வினாடிக்கு எவ்வளவு நீர் போகிறது என்பதை எந்த அளவுகோலும் நேராகக் காட்டுவதில்லை. மட்டத்தை வைத்து ஓட்டத்தைச் சொல்ல வேண்டுமானால், அந்த இடத்தில் யாராவது ஆற்றில் இறங்கி, ஆழம் குறைந்த நாளிலும் பெருகிய நாளிலும் நீரின் வேகத்தைப் பல முறை அளந்து, மட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் உள்ள உறவைக் கண்டறிந்து வைத்திருக்க வேண்டும். வைகை மணலாறு ஆதலால் அந்த உறவு ஒரு முறை கண்டதோடு நிற்பதும் இல்லை. மணல் நகர நகர அதுவும் மாறும். தூணில் வரைந்த கோடும் அதன்மேல் தொங்கும் சென்சாரும் உங்களுக்குத் தரப்போவது மட்டத்தை. ஓட்டத்தை நீங்கள் உழைத்துத்தான் பெற வேண்டும்.

முதலில் அலகைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர் நீர். செய்தியில் ‘900 கன அடி திறப்பு’ என்று சுருக்கமாக வருவதன் பொருள் வினாடிக்கு 900 கன அடி என்பதே. ‘வினாடிக்கு’ என்ற சொல்லை விட்டுவிடுவதால், மொத்தமே 900 கன அடிதான் திறந்தார்கள் என்று நினைத்துக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். ஆகவே வினாடிக்கு 1,000 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் 86.4 மில்லியன் கன அடி நீர் கடந்துபோகிறது. இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தச் செய்தியையும் எடை போட்டுவிடலாம். வைகை அணை அதன் முழு நீர்மட்டமான 71 அடிக்கு நிரம்பியிருக்கும்போது கொள்ளளவு 6,091 மில்லியன் கன அடி. பெரியாறு பாசனத்தின் இருபோகப் பகுதியான 45,041 ஏக்கருக்கு வழக்கமாகத் திறக்கப்படும் 900 கன அடியை மட்டும் கணக்கில் எடுத்து, புதிய வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால், நிரம்பிய அணையே ஏறத்தாழ 78 நாட்களில் தீர்ந்துவிடும். முதல் போகத்துக்கு 120 நாட்கள் தண்ணீர் வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால், முல்லைப் பெரியாற்றிலிருந்து சுரங்கம் வழியாக வரும் நீரை இங்குள்ள விவசாயிகள் ஏன் ஒவ்வொரு நாளும் விசாரிக்கிறார்கள் என்பது விளங்கும்.

அணை மட்டங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதும் வழக்கமான தவறு. பெரியாறு அணையில் 142 அடி, வைகையில் 71 அடி என்பதால் அங்கே இரண்டு மடங்கு நீர் இருப்பதாக ஆகாது. ஒவ்வோர் அணைக்கும் பூஜ்யம் வேறு, நீர் பரவும் நிலத்தின் அமைப்பு வேறு. பெரியாற்றில் 104 அடிக்குக் கீழே இருக்கும் நீரை நம் பக்கம் எடுக்கவே முடியாது. நமக்குக் கணக்கு அதற்கு மேல்தான் தொடங்குகிறது.

இப்போது நீர்வரத்து. பலரும் நினைப்பது போல வைகை அணைக்கு வந்து சேரும் ஒவ்வோர் ஆற்றின் வாயிலிலும் ஒரு கருவி இருந்து, அவற்றின் கூட்டுத்தொகைதான் செய்தியாக வருகிறது என்பதில்லை. வரத்து என்பது பெரும்பாலும் கணக்கிட்டுப் பெறும் எண். நேற்றுக் காலை அணையின் மட்டம் என்ன, இன்று காலை என்ன, அந்த இரண்டு மட்டங்களுக்கும் கொள்ளளவு அட்டவணையில் உள்ள நீர் எவ்வளவு, இடையில் மதகுகள் வழியாக எவ்வளவு வெளியேறியது, வெயிலில் எவ்வளவு ஆவியானது என்று பார்த்து, கொள்ளளவில் கூடியதையும் வெளியேறியதையும் சேர்த்தால் கிடைப்பதே வரத்து. அணை நிறையும் தறுவாயில் மட்டம் ஓர் அடி உயர ஏறத்தாழ 260 மில்லியன் கன அடி நீர் வேண்டும். வினாடிக்கு 3,000 கன அடி ஒரு நாள் ஓடினால் 259 மில்லியன் கன அடி. ஆகவே மேல்மட்டத்தில் திறப்பைவிட வரத்து 3,000 கன அடி கூடுதலாக இருந்தால் அணை ஒரு நாளில் ஓர் அடி உயரும் என்று நீங்களே வாய்க்கணக்காகச் சொல்லிவிடலாம்.

இதே கணக்கில் ஒரு பொறியும் இருக்கிறது. மட்டத்தைப் படிப்பதில் ஓர் அங்குலம் பிசகினால் ஏறத்தாழ 22 மில்லியன் கன அடி பிசகும். ஒரு நாளைக்குப் பரப்பினால் அது 250 கன அடிப் பிழை, பொறுத்துக்கொள்ளலாம். ஒரு மணி நேரத்துக்கான வரத்தைக் கணக்கிடும்போது அதே ஓர் அங்குலம் 6,000 கன அடிப் பிழையாகப் பெருகிவிடும். நீர்த்தேக்கத்தின் மேல் காற்றடித்து அலை எழும் நாளில் ஓர் அங்குலம் என்பது ஒன்றுமே இல்லை. மழைநாளில் மணிக்கு மணி வரும் வரத்து எண்கள் ஏறியும் இறங்கியும் குதிக்கும்போது, மறைக்கிறார்கள் என்றோ பொய் சொல்கிறார்கள் என்றோ அவசரப்பட்டு எழுதுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நான்கு மணி நேரத்தைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மையான போக்குத் தெரியும்.

நான் பணியில் சேர்ந்த புதிதில், அளவுகோலைப் பார்த்தவுடன் எண்ணை எழுதிவிடுவேன். உடன் வந்த வயதான லஸ்கர் (மதகையும் கால்வாயையும் கவனிக்கும் பணியாளர்) ஒருவர் என்னை நிறுத்தி, “சார், தண்ணி மூச்சு விடுதுல்ல, நாலஞ்சு தடவ ஏறி எறங்கட்டும், நடுவுல எழுதுங்க” என்றார். அலை ஏறும்போது தொட்ட கோட்டையும் இறங்கும்போது தொட்ட கோட்டையும் அரை நிமிடம் பார்த்து, இரண்டுக்கும் நடுவில் உள்ளதை எழுத வேண்டும் என்பது அதன் பொருள். அளவுகோலின் ஈரமான பகுதி அலையின் உச்சியைக் காட்டுமே தவிர மட்டத்தைக் காட்டாது. டார்ச் வெளிச்சத்தில் படிக்கும்போது அந்த ஈரக்கோடு இன்னும் பளிச்சென்று தெரிந்து கண்ணை ஏமாற்றும். பாடநூலில் நான் படித்த எதுவும் அந்த ஒரு வாக்கியம் அளவுக்கு எனக்கு உதவியதில்லை.

அடுத்து, உங்கள் ஊருக்கு எவ்வளவு வரும் என்ற கேள்வி. வைகை அணையில் மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் கட்ட வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் கட்டமும், 69 அடியில் மூன்றாம் கட்டமும் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய 5 மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு விடுக்கப்படுகின்றன. இடையில் 67 அடி என்ற மட்டத்துக்கும் தனி முக்கியத்துவம் உண்டு. உசிலம்பட்டிப் பக்கத்து 58 கிராமக் கால்வாய்க்கு அந்த மட்டத்தை எட்டினால்தான் தண்ணீர் ஏறும். அந்த ஊர்களில் 66.5 என்றும் 66.8 என்றும் தினமும் எண்ணிக் காத்திருப்பவர்களுக்கு, அளவுகோலின் அந்த அரை அடி ஓர் ஆண்டு வாழ்வு.

அணையில் திறந்த நீர் அப்படியே உங்களை வந்து சேர்வதில்லை. பேரணை என்ற தடுப்பணையில் ஒரு பகுதி பெரியாறு பிரதானக் கால்வாய்க்குப் பிரிகிறது. ஆற்றில் விடப்படும் பங்கு சிற்றணையைக் கடந்து, சோழவந்தான் வழியாக மதுரைக்கு வந்து, விரகனூர் மதகணையில் மறுபடியும் பங்கிடப்பட்டு, அதன் பிறகுதான் உங்கள் எல்லைக்குள் நுழைகிறது. அதற்கும் கீழே பார்த்திபனூர் மதகணை, பரமக்குடி, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாய். வைகையின் பூர்வீகப் பாசனத்தில் ராமநாதபுரத்துக்கு 7, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று பங்கு வகுக்கப்பட்டிருக்கிறது. 7:3:2 என்று காகிதத்தில் எழுதுவது எளிது. விரகனூரிலும் பார்த்திபனூரிலும் கடந்துபோகும் நீரைச் சரியாக அளந்தால்தான் அந்த விகிதத்துக்கு உயிர் உண்டு. அளவு பிசகினால் முதலில் காய்வது கடைமடைதான்.

நேரக்கணக்கு இன்னும் சிக்கலானது. அணையிலிருந்து மதுரை வரை ஆற்றின் வழியே எழுபது கிலோமீட்டருக்கு அருகில் வரும். நீர் சராசரியாக வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடினால் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறத்தாழ இருபது மணி நேரம் ஆகும். ஆனால் சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதற்காகத் திறக்கப்படும் நீரைப் பாருங்கள்: மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும் மணல் முதலில் தன் தாகத்தைத் தீர்த்துக்கொண்ட பிறகுதான் நீரை மேலே ஓட விடுகிறது. நீரின் முனை நடையைவிடவும் மெதுவாக, குழிகளை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வருவதை நேரில் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அதே அளவு நீரைக் கார்த்திகையில், ஏற்கெனவே நனைந்து ஓடிக்கொண்டிருக்கும் ஆற்றில் விட்டால் பல மணி நேரம் முன்பாகவே வந்து சேரும், இழப்பும் குறைவு. ஆகவே ‘இத்தனை மணி நேரத்தில் வரும்’ என்று யாராவது ஒரே எண்ணைச் சொன்னால் நம்ப வேண்டாம்.

இதைவிட முக்கியமான இன்னொன்று. மஞ்சளாறும் மருதாநதியும் வைகையில் சேர்வது அணைக்குக் கீழே. கொடைக்கானல் மலைச்சரிவில் கன மழை பெய்தால், வைகை அணையின் மதகுகள் மூடியிருக்கும்போதே மதுரையில் ஆறு இரு கரை தொட்டு ஓடக்கூடும். அணை திறப்பை மட்டும் பார்த்துக்கொண்டு ஆற்றுக்குள் மாட்டைக் கட்டி வைப்பவர்கள் ஏமாறுவது இப்படித்தான். உங்கள் கண்காணிப்பில் அணையின் எண்ணோடு, மேலே உள்ள ஏதாவது ஓர் ஊரில் ஆற்றைப் பார்த்துச் சொல்லும் ஒருவருடைய தொடர்பும் இருக்க வேண்டும். சோழவந்தானில் ஒருவர், விரகனூரில் ஒருவர் என்று இரண்டு பேர் கிடைத்தாலே அது எந்தக் கருவிக்கும் குறையாத பாதுகாப்பு.

இனி, அளவுகோலை எங்கே வைப்பது என்பதற்கு வருகிறேன். மட்டம் உயர்ந்திருந்தால் ஓட்டமும் கூடியிருக்கிறது என்று சொல்லக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும்; ஆற்றின் எல்லா இடமும் அப்படி இல்லை. மதுரை நகருக்குள் தடுப்பணைகளுக்குப் பின்னாலும், விரகனூர் மதகணைக்கு மேலேயும் நீர் தேங்கி மட்டம் உயர்ந்தே நிற்கும். ஓட்டமோ அநேகமாக இருக்காது. அங்கே ஒருவர் அளவுகோலைப் பார்த்து ‘ஆறு நிறைய ஓடுகிறது’ என்று எழுதினால், தேங்கிய நீருக்கும் ஓடும் நீருக்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதுகிறார் என்று பொருள். ஆகவே கீழே தடுப்பு ஏதும் இல்லாத, முடிந்தவரை நேராக ஓடும், இரு கரையும் தெளிவாக இருக்கும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். சீமைக்கருவேலம் அடைத்த இடமும் ஆகாயத்தாமரை மண்டிய இடமும் வேண்டாம். செடி வளர வளர அதே நீருக்கு மட்டம் உயர்ந்துகொண்டே போகும்.

பாலத்தூண் வசதியாகத் தெரிந்தாலும், வேகமாக ஓடும் நீர் தூணின் முன்பக்கத்தில் மோதி மேலெழும்பும், பின்பக்கத்தில் பள்ளமாக இறங்கும். வெள்ளக் காலத்தில் ஒரே தூணின் இரு பக்கங்களுக்கும் இடையே ஒரு சாண் வித்தியாசம் வருவது சாதாரணம். கரையை ஒட்டிய பாலத்தின் பக்கச் சுவரில், நீரோட்டம் மோதாத முகத்தில் வரைவது நல்லது. சென்டிமீட்டரில் வரையுங்கள்; கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி, பத்து சென்டிமீட்டருக்கு ஓர் எண், எதிர்க்கரையிலிருந்து பார்த்தாலும் தெரியும் அளவில் இருக்கட்டும். பூஜ்யத்தை இப்போதைய மணல் மட்டத்தில் வைக்காதீர்கள். மணல் அரித்துப் பள்ளமானால் நாளை நீர்மட்டம் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஒரு மீட்டராவது கீழே வைப்பது பாதுகாப்பு.

பூஜ்யத்தைப் பற்றி ஒரு கசப்பான அனுபவத்தைச் சொல்ல வேண்டும். நான் பணியாற்றிய ஓர் ஆற்றில் கரைச்சுவரைப் புதுப்பித்தபோது, வேலையாட்கள் பழைய அளவுகோலைக் கழற்றி வைத்து, வேலை முடிந்ததும் நல்லெண்ணத்தோடு திரும்பப் பொருத்தியிருந்தார்கள். பழைய இடத்தைவிட ஒரு சாண் மேலே. அதனால் அதற்குப் பின் எழுதிய ஒவ்வொரு மட்டமும் ஒரு சாண் குறைவு, அதிலிருந்து கணக்கிட்ட ஒவ்வோர் ஓட்டமும் குறைவு. நாங்கள் அதைக் கண்டுபிடிக்க இரண்டு பருவம் ஆயிற்று. எந்த நாளில் பொருத்தினார்கள் என்று யாரும் எழுதி வைக்காததால், எந்தத் தேதியிலிருந்து திருத்துவது என்றே தெரியவில்லை. வெயிலிலும் மழையிலும் மூன்று வேளையும் போய்ப் படித்தவர்களுடைய உழைப்பு அத்தனையும் வீணாயிற்று. இன்றும் எனக்கு அது ஆறவில்லை. ஆகவே அளவுகோல் வரைந்த அன்றே, அருகில் அசையாத ஓரிடத்தில், கோயில் மண்டபத்தின் அடித்தளமோ பழைய கட்டடத்தின் கல்படியோ எதுவாக இருந்தாலும் சரி, ஒரு பெஞ்ச் மார்க் (உயரத்தை ஒப்பிட உதவும் நிலையான குறி) குறித்து, அதற்கும் உங்கள் பூஜ்யத்துக்கும் உள்ள உயர வித்தியாசத்தை லெவல் கருவியால் அளந்து எழுதி வையுங்கள். ஒவ்வோர் ஆண்டும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, அதை மறுபடி சரிபாருங்கள்.

ஓட்டத்தை அளக்கும் முறைக்கு இப்போது வரலாம். தொழில்முறையில் கரண்ட் மீட்டரைப் பயன்படுத்துவோம். சிறு கிண்ணங்கள் கொண்ட சக்கரம் நீரின் வேகத்துக்கு ஏற்பச் சுழலும். காதில் மாட்டிய கருவியில் ஒவ்வொரு சுற்றுக்கும் ‘டிக்’ என்று ஓர் ஒலி கேட்கும். ஆற்றின் குறுக்கே கயிறு கட்டி, அதை இருபது இருபத்தைந்து துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தை அளந்து, மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறக்கி வேகத்தை எடுப்போம். ஆழம் கூடுதலாக இருந்தால் பத்தில் இரண்டிலும் பத்தில் எட்டிலும் எடுத்துச் சராசரி காண்போம். அகலம், ஆழம், வேகம் மூன்றையும் துண்டு துண்டாகப் பெருக்கிக் கூட்டினால் அதுவே ஓட்டம்.

உங்களிடம் அந்தக் கருவி இல்லை என்பதால் மனம் தளர வேண்டாம். பாதி மூழ்கி மிதக்கும் ஆரஞ்சுப் பழம் ஒன்றே நல்ல மிதவை. காற்று அதை அதிகம் தள்ளாது. கரையில் 20 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்புகளை நட்டு, மேல் கம்புக்குச் சற்று முன்பாகவே பழத்தைப் போட்டு, அது இரண்டு கம்புகளையும் கடக்கும் நேரத்தை ஸ்டாப் வாட்ச்சில் எடுங்கள். நடு ஆற்றில், இரு ஓரங்களில், இடையில் என்று பத்துப் பழங்களாவது விடுங்கள். ஓர் எடுத்துக்காட்டு: நீர் ஓடும் அகலம் 40 மீட்டர், சராசரி ஆழம் அரை மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 20 சதுர மீட்டர். பழங்கள் சராசரியாக 25 வினாடியில் 20 மீட்டரைக் கடந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு 0.8 மீட்டர். அடியில் உள்ள நீர் மணலில் உராய்ந்து மெதுவாக ஓடுவதால் இதை 0.85 ஆல் பெருக்க வேண்டும், 0.68 வரும். 20 ஐ 0.68 ஆல் பெருக்கினால் வினாடிக்கு 13.6 கன மீட்டர். ஒரு கன மீட்டர் 35.3 கன அடி ஆதலால், உங்கள் ஊரைக் கடப்பது வினாடிக்கு ஏறத்தாழ 480 கன அடி. இந்த முறையில் பத்துப் பதினைந்து சதவீதப் பிழை இருக்கும். இருந்தாலும், 480 என்று கவனமாக அளந்தவருடைய சொல்லுக்கு, ‘நிறைய வந்துச்சு’ என்பவருடைய சொல்லைவிட மதிப்பு அதிகம்.

அளந்த அதே நேரத்தில் அளவுகோலில் மட்டம் எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். அந்த இரண்டு எண்களும் சேர்ந்துதான் வரைபடத்தாளில் ஒரு புள்ளி. மட்டம் மாறும் நாட்களிலெல்லாம் இதைத் திரும்பச் செய்து பதினைந்து இருபது புள்ளிகள் சேர்ந்தால், அவற்றின் ஊடே ஒரு வளைகோடு தெரியவரும். ரேட்டிங் கர்வ் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அதற்குப் பிறகு மட்டத்தைப் பார்த்தே ஓட்டத்தைச் சொல்லலாம், ஆனால் மூன்று எச்சரிக்கைகளோடு. நீங்கள் 2,000 கன அடி வரைதான் அளந்திருந்தால், அந்தக் கோட்டை ஸ்கேல் வைத்து மேலே நீட்டி 20,000 கன அடியைப் படிக்காதீர்கள்; ஆறு கரையேறிப் பரவும்போது அதன் நடத்தையே வேறு. வெள்ளம் ஏறும்போது ஒரு மட்டத்தில் ஓடும் நீர், வடியும்போது அதே மட்டத்தில் ஓடும் நீரைவிடக் கூடுதலாக இருக்கும். ஏறுமுகத்தில் எடுத்த புள்ளியையும் இறங்குமுகத்தில் எடுத்த புள்ளியையும் வேறு நிறத்தில் குறியுங்கள். மூன்றாவது எச்சரிக்கை மணலைப் பற்றியது. ஒரு பெருவெள்ளத்துக்குப் பிறகோ, மணல் அள்ளிய பிறகோ படுகை அரை மீட்டர் தாழ்ந்துவிட்டால், அதே 3,000 கன அடி அடுத்த ஆண்டு குறைந்த மட்டத்தில் ஓடும். ‘இந்த வருஷம் தண்ணி கம்மி’ என்று ஊரே சொல்லும். தண்ணீர் அதே அளவுதான், தரைதான் இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னும் பின்னும் குறுக்குவெட்டை அளந்து புதிய புள்ளிகளைச் சேர்க்காவிட்டால் பழைய வளைகோடு வெறும் படம்.

இந்தத் தொல்லை இல்லாத இடம் ஒன்று உங்கள் ஊரிலேயே இருக்கிறது: கண்மாயின் கலுங்கு, அதாவது கண்மாய் நிறைந்ததும் நீர் வழிந்தோடும் கல் கட்டுமானம். அதன் தலைமட்டம் கல், நகராது. அகன்ற தலையுள்ள கலுங்கில், நீளத்தை மீட்டரில் எடுத்து, தலைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்தைச் சற்றுப் பின்தள்ளி அளந்து, அந்த நீளத்தோடு உயரத்தின் ஒன்றரைப் படியையும் (உயரத்தை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கியது) 1.7 என்ற எண்ணையும் பெருக்கினால் ஓட்டம் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று கிடைத்துவிடும். 20 மீட்டர் நீளக் கலுங்கில் 15 சென்டிமீட்டர் நீர் பாய்ந்தால் ஏறத்தாழ 70 கன அடி. 30 சென்டிமீட்டர் பாய்ந்தால் 200 கன அடிக்குச் சற்றுக் குறைவு. உயரம் இரு மடங்கானால் ஓட்டம் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அளவீட்டுப் பழக்கத்தை ஆற்றில் தொடங்குவதற்கு முன் கலுங்கில் தொடங்குங்கள் என்றுகூடச் சொல்வேன்.

சென்சாரைப் பொறுத்தவரை, விலை குறைந்த ஒலியலைச் சென்சாரை வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அது ஒலியை அனுப்பி, நீரில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஆனால் காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையோடு மாறும். பாலத்திலிருந்து நீர் 8 மீட்டர் கீழே இருக்க, கருவி கணக்கில் கொண்ட வெப்பநிலைக்கும் உண்மை வெப்பநிலைக்கும் 10 டிகிரி வித்தியாசம் இருந்தால், மட்டத்தில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் பிசகும். நம் ஊர் வெயிலில் பாலத்தின் கான்கிரீட்டை ஒட்டிய காற்றும் கீழே நீரை ஒட்டிய காற்றும் ஒரே சூட்டில் இருப்பதில்லை என்பது உங்களுக்கே தெரியும். ரேடார் சென்சார் இந்தக் குறைக்குப் பெரும்பாலும் அப்பாற்பட்டது, விலை கூடுதல். நீருக்குள் வைக்கும் அழுத்தச் சென்சார் மணலில் புதைந்துவிடும். எதுவாக இருந்தாலும் கழிவுநீர் கலந்து நுரை மிதக்கும் நாளில் மேலிருந்து பார்க்கும் சென்சார்கள் தடுமாறும். வாரம் ஒரு முறையாவது ஒருவர் நேரில் போய் அளவுகோலைப் படித்து, அதே நிமிடத்துச் சென்சார் எண்ணோடு ஒப்பிட வேண்டும். மத்திய நீர் ஆணையம் பரமக்குடியில் வைகையை அளந்து வருகிறது. வெள்ளக் காலத்தில் அந்த மட்டம் ஏறி இறங்கும் போக்கோடும் உங்களுடையதை வைத்துப் பார்க்கலாம்.

பாதுகாப்பைப் பற்றி ஒரே சொல்: நீரின் ஆழத்தை மீட்டரிலும் வேகத்தை வினாடிக்கு மீட்டரிலும் எடுத்துப் பெருக்கினால் அரைக்கு மேல் வரும் நீரில் யாரும் இறங்கக் கூடாது. முழங்கால் ஆழம்தானே என்று இறங்கியவர்களின் காலடி மணலை நீர் அரித்துத் தள்ளிவிடும். இடுப்பில் கயிறு இல்லாமலும், கரையில் இரண்டு பேர் அதைப் பிடித்திராமலும் ஒருவரும் அளக்கப் போகாதீர்கள். வெள்ளத்தில் பாலத்தின் மேலிருந்து மட்டத்தை மட்டும் படித்தால் போதும். வேகத்தை நீர் வடிந்த பிறகு அளந்துகொள்ளலாம்.

கடைசியாக நோட்டுப் புத்தகம். தேதி, நேரம், மட்டம், ஏறுகிறதா இறங்குகிறதா, படித்தவர் பெயர், குறிப்பு என்று ஆறு பத்திகள் போதும். தவறாக எழுதியதை அழிக்காமல் ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுங்கள். அழித்த எண்ணுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது பிறகு ஒருநாள் தேவைப்படும். பங்குனியில் ஆறு காய்ந்து மணல் கொதிக்கும்போது, ‘இன்றைக்குப் போய் என்ன எழுதுவது’ என்று தோன்றும். அன்றும் போய், ‘நீரோட்டம் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கட்டத்தை வெறுமையாக விட்டால், ஆறு வறண்டிருந்ததா, படிக்க ஆள் போகவில்லையா என்பதைப் பத்து ஆண்டு கழித்துப் பார்க்கும் ஒருவரால் பிரித்தறிய முடியாது.